ஸ்டோருக்குள் யாரும் படுப்பதில்லை

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுத்து, அவர்கள் அதில் நிலைக்கும்வரை கூட இருப்பதுதான் எங்கள் வேலை.

"மேடம், ஒருத்தருக்குச் சாவி குடுத்து ஒன்பது நாள் ஆச்சு. வெளியிலயே உக்காந்திருக்கார். பேசியாச்சு. கம்ப்யூட்டர்ல எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டாச்சு. உள்ள மட்டும் போக மாட்டேங்கறார். உங்க காலத்துல இப்படி யாராவது இருந்தாங்களா?"

இருந்தார். அதுவும் என் முதல் வருடத்தில். அவளுக்குத் தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. முழுவதையும் எழுதித் தருகிறேன் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபது வயது. ஊர் கண்ணமங்கலம். அப்பா புளி மூட்டை ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டினார், அம்மா களை எடுக்கப் போனாள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தவர் யாருமில்லை. அந்த வாசற்படியை நான் பதினொரு வருடம் மிதித்தேன். தேறிய பிறகு எங்கே கையெழுத்துப் போட்டாலும் "வெ. பச்சையம்மாள், எஸ்.எஸ்.எல்.சி." என்றுதான் போடுவேன். சலவைக்குப் போட்ட துணிச் சீட்டில்கூட அப்படித்தான். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். யாரும் கேட்டதில்லை. கேட்டால் காட்டத் தயாராக இருந்தேன்.

வேலூரில் ஒரு நலச் சங்கம் எனக்கு வேலை கொடுத்தது. பதின்மூன்று நாள் பயிற்சி. கோப்புக்கு நாடா கோர்க்கச் சொல்லித் தந்தார்கள். வந்த கடிதத்துக்கு எந்த மூலையில் முத்திரை, போகிற கடிதத்துக்கு எந்த மூலையில் முத்திரை என்று சொல்லித் தந்தார்கள். வீடில்லாத மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பது பதின்மூன்றாம் நாள் பாடம். அன்று பயிற்றுநருக்குக் காய்ச்சல். நான் மலையேறினேன்.

சந்தவாசலிலிருந்து ஜீப்பில் மேலே போனால், ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு மேட்டில் ஆறு ஓட்டு வீடுகள். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, போக இடமில்லாமல் நின்றவர்களுக்காகச் சங்கம் கட்டியவை. ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு கயிற்றுக்கட்டில், ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு மண்பானை. ஆறு வீட்டுக்கும் முன்னால் அலுவலகம். அதன் பின்னறையில் நான் தங்கினேன்.

அலுவலகத்தில் என் மேலாளர் தணிகாசலம் சார். வாழ்நாள் முழுக்க ராணுவக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் எழுதிக் கழித்தவர். நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவருக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஒரு குறிப்பாணை எழுதி, உறையிலிட்டு, என்னிடம் நீட்டுவார்.

"மிஸ் பச்சையம்மாள், இதை அனுப்பிடுங்க."

"யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தான்."

அனுப்பும் பதிவேட்டில் நானே எழுதி, எனக்கே அனுப்பி, நானே பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டு, பிரித்துப் பார்ப்பேன். "சன்னலைச் சாத்தவும்" என்று இருக்கும். சாத்துவேன். சாத்திவிட்டேன் என்று பதில் எழுதுவேன். அதற்குள் காற்று நின்றிருக்கும்.

இதை நான் கேலியாக நினைக்கவில்லை. படித்தவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலும் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். என்னை "மிஸ்" என்று அழைத்த முதல் மனிதரும் அவர்தான்.

அந்த மேட்டில் அவர் சுண்ணாம்பு அடிக்காத கல் இல்லை. அலுவலகத்துப் பின்னால் நின்ற பலா மரத்தில் காய்களுக்குத் தகர வில்லையில் எண் கட்டியிருந்தார். ஏழாம் எண் காயைக் குரங்கு கொண்டுபோனபோது, "முன்னறிவிப்பின்றி வெளியேறியது" என்று எழுதினார்.

அவருடைய நடைமுறைகளில் முக்கியமானது காலை அழைப்பு. தினமும் ஆறு மணிக்குப் பதிவேட்டோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று எண்ணைக் கூப்பிடுவார். குடியிருப்பவர் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்க வேண்டும். தொடர்ந்து முப்பது நாள் உள்ளிருந்து குரல் வராவிட்டால் ஒதுக்கீடு ரத்து. இந்த விதிக்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருவர் தன் வீட்டை ஆட்டு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் அழைப்புக்கு ஆடுதான் பதில் சொல்லியிருக்கிறது. சார் அதை "வந்தார்" என்று குறித்திருக்கிறார். அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை.

இந்த நிலையில்தான் சாமிக்கண்ணு வந்தார்.

சாமிக்கண்ணு புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்காரர். ராணுவத்தில் லான்ஸ் நாயக், கிடங்குக் காவலில் ஸ்டோர்மேன். எழுபத்தொன்றாம் வருடப் போருக்குப் பிறகு நெடுநாள் கடிதம் வராததால், அவர் இறந்துவிட்டதாக நினைத்துத் தம்பிகள் நிலத்தையும் வீட்டையும் பிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் பெட்டியோடு வந்து நின்றார். தம்பிகள் அழுதார்கள், சாமைச் சோறு போட்டார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து, இவரை எங்கே படுக்க வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை பிடிக்காமல் அவர் இறங்கி வந்துவிட்டார். நாலு வருடம் சந்தவாசலில் ஒரு புளி மண்டியின் எடைமேடையில் படுத்திருந்தார். அங்கிருந்துதான் சங்கம் அவரை அழைத்து வந்தது.

அவர் வந்த அன்று ஒதுக்கீட்டுப் படிவம் தீர்ந்துபோயிருந்தது. வேலூருக்கு எழுதினால் வர மூன்று வாரம் ஆகும். சாரின் அலமாரியில் பழைய கிடங்குப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. "கீழ்க்கண்ட சரக்குகளை நல்ல நிலையில் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அதே நிலையில் திருப்பி ஒப்படைப்பேன்."

"இதுலயே வாங்கிடலாமா சார்?" என்று கேட்டவள் நான்தான். பயிற்சி பெற்றவள் அல்லவா. எந்தப் படிவமாக இருந்தாலும் கையெழுத்து கையெழுத்துதானே என்று நினைத்தேன். சார் தலையசைத்தார்.

சாமிக்கண்ணு படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார். எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார். பிறகு நிமிர்ந்து நின்று, "சாப், சரக்கைப் பாக்கணும்" என்றார்.

பார்த்தார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் இரண்டு வரை பார்த்தார். ஏணி போட்டு ஏறி ஓடுகளை விரலால் தட்டினார். கதவைத் திறந்து மூடித் திறந்தார். கட்டிலின் கயிற்றை எண்ணினார். மண்பானையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கிளார்க்கம்மா, கழுத்துகிட்ட ஒரு கீறல் இருக்குது. எழுதிக்கோங்க."

"சின்னக் கீறல்தானேங்க."

"இன்னைக்குச் சின்னது. நாளைக்கி நான்தான் கீறினேன்னு சொல்லுவீங்க. எழுதுங்க."

எழுதினேன். பக்கத்தில் நின்ற சாரின் முகத்தில், பெண் பார்க்கப் போய்ப் பெண்ணைப் பிடித்துவிட்ட மாப்பிள்ளையின் களை. "இந்த மாதிரி ஆள் இப்பல்லாம் கிடைக்கறதில்ல, மிஸ் பச்சையம்மாள்" என்று வாயாலேயே சொன்னார். குறிப்பாணை எழுதக்கூடத் தோன்றவில்லை.

சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்டார். நான்காம் எண் வீட்டைப் பூட்டினார். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எதிரிலிருந்த புளிய மரத்தடியில் ஒரு கோணிச்சாக்கை விரித்துப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அழைப்பு. சார் நான்காம் எண் வாசலில் நின்று, "நாலு!" என்றார். பின்னாலிருந்து, புளிய மரத்தடியிலிருந்து, "ஹாஜர் சாப்!" என்று பதில் வந்தது. சார் திரும்பவில்லை. உள்ளிருந்து வராத குரல் அவர் காதில் விழாது. "வரவில்லை" என்று குறித்துவிட்டு ஐந்தாம் எண்ணுக்குப் போனார்.

முதல் வாரம் நான் பொறுமையாக இருந்தேன். புது இடம், பழகட்டும் என்று நினைத்தேன். அவர் தினமும் வீட்டைச் சுற்றிப் பெருக்கினார். சனிக்கிழமைகளில் கட்டில், விளக்கு, பானை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் வைத்து, துடைத்து, உள்ளே வைத்துப் பூட்டினார். சமையல் வெளியே மூன்று கல் வைத்து. இருட்டினால் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார், விளக்கின் திரி கருகிவிடுமாம்.

"ஏங்க ஐயா உள்ள படுக்கக் கூடாது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஸ்டோருக்குள்ள யாராவது படுப்பாங்களா கிளார்க்கம்மா?"

"இது ஸ்டோர் இல்லீங்க. உங்க வூடு."

"என் வூடுன்னா எதுக்குத் திருப்பித் தர்றேன்னு கையெழுத்து வாங்கினீங்க?"

எஸ்.எஸ்.எல்.சி.யில் இதற்குப் பதில் இல்லை.

மூன்றாம் எண் வீட்டில் பாஷா பாய் இருந்தார். வாணியம்பாடிக்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டியவர். என்னை உருதுவில் மகளே என்று, "பேட்டி" என்றுதான் கூப்பிடுவார். "பேட்டி, உன் படிப்பும் அந்தாளு நேர்மையும் சேந்து ஒரு மனுசனைத் தெருவுல படுக்க வெச்சிருக்குது. நான் படிக்கலை. நிம்மதியா உள்ள படுத்திருக்கறேன்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. உண்மையென்று தெரிந்ததால் அதிகமாக வந்தது.

சாரிடம் போனேன். சொல்லக் கூடாது, எழுதித்தான் தர வேண்டும். எழுதினேன்: தவறான படிவம், ரத்து செய்ய வேண்டுகிறேன். பதில் அன்று மதியமே, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தது. கிடங்குப் படிவத்தைச் சரக்கு திரும்பி வந்தால்தான் ரத்து செய்யலாம். சரக்கைத் திருப்பினால் சாமிக்கண்ணு குடியிருப்பவர் அல்ல. மறுபடி குடியேற, அவர் வீடில்லாதவர் என்று புதிதாக நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆறு மாதமாவது அவர் மண்டியில் படுத்திருக்க வேண்டும்.

"சார், இது நியாயமா?" என்று வாயாலேயே கேட்டுவிட்டேன்.

"நியாயம் வேற பிரிவு, மிஸ் பச்சையம்மாள். வேலூர்ல இருக்கு."

சார் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் "வரவில்லை" என்று எச்சரிக்கைக் குறிப்பாணை எழுதுவார். மாலையில் புளிய மரத்தடிக்குப் போய் சாமிக்கண்ணுவோடு கிடங்கு நிர்வாகம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். எச்சரிக்கைகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமிக்கண்ணு ஒவ்வொன்றுக்கும் சல்யூட் வைத்து வாங்கி, நாள்வாரியாகத் தன் தகரப் பெட்டியில் அடுக்கினார். அவரை வெளியேற்றுவதற்கான ஆதாரங்களை அவரைவிட ஒழுங்காக யாரும் பாதுகாத்திருக்க முடியாது.

இருபத்தைந்தாம் நாள் சாயங்காலம் மழை. மலை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. நான் சன்னலிலிருந்து பார்த்தேன். சாமிக்கண்ணு புளிய மரத்தடியிலிருந்து எழுந்து தன் கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினார். அப்பாடா, உள்ளே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சாக்கை விரித்துக் கதவின் மேல் மாட்டினார். மாட்டிவிட்டு மழையில் நின்றார். குடையோடு ஓடினேன்.

"இன்னா ஐயா பண்றீங்க?"

"கதவு மாம்பலகை கிளார்க்கம்மா. தண்ணி பட்டா ஊதிக்கும். அப்புறம் சாத்த வராது."

"நீங்க நனையறீங்களே!"

"நான் லிஸ்ட்டுல இல்லீங்களே."

பாஷா பாய் அவரை இழுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்தார். மறுநாள் சாமிக்கண்ணுவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அந்த இருமல்தான் எனக்கு விஷயத்தைக் கணக்குப்போட்டுக் காட்டியது. திங்கட்கிழமையோடு முப்பது நாள். அன்று தலைமை அலுவலகத்து அதிகாரி வருகிறார். பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சாமிக்கண்ணு மறுபடி எடைமேடைக்குப் போவார், இந்த முறை இருமலோடு. எல்லாம் நான் நீட்டிய ஒரு காகிதத்தால்.

"பேட்டி, ஒரு வழி சொல்றேன்" என்றார் பாஷா பாய். "அந்த லிஸ்ட்டுல ஒண்ணை ஒடைச்சிடு. நான் லாரியில முத கீறல் விழுந்த அன்னைக்குத்தான் நிம்மதியா ஓட்ட ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் கண்ணாடி ஏத்தின மாதிரி ஓட்டினேன். ஒண்ணு போச்சுன்னா அந்தாளு விட்டுடுவாரு."

நான் மாட்டேன் என்றேன். அது குற்றம் என்றேன். சனிக்கிழமை வந்தது. சாமிக்கண்ணு சரக்குகளை வெயிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போனார். பானை கல்லின் மேல் தனியாக இருந்தது. நான் பதிவேட்டோடு அந்தப் பக்கமாக நடந்தேன். பதிவேட்டின் மூலை பானையின் மேல் பட்டது. பட்டது என்று எழுதுவது இன்னும் அந்த நாள் பழக்கம். நான் இடித்தேன்.

சாமிக்கண்ணு திரும்பி வந்து பார்த்தார். கத்தவில்லை. குடத்தை இறக்கி வைத்தார். சாக்கை விரித்து ஒவ்வொரு ஓடாகப் பொறுக்கி அதன்மேல் வைத்தார். புல்லுக்குள் விழுந்த சிறு துண்டைக்கூட விடவில்லை. பொறுக்கி முடித்ததும் சட்டையைப் பொத்தானிட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து சாரின் முன் விறைப்பாக நின்றார்.

"சாப், என் பொறுப்புல இருந்த ஒரு சரக்கு சேதம். கோர்ட் ஆஃப் என்கொயரி வெக்கணும்."

சாரின் பேனா கையிலிருந்து நழுவியது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் விசாரணை அறிக்கைகளைப் பிரதி எடுத்தவர் அவர். ஒன்றுக்குத் தலைமை தாங்கியதில்லை. "மூணு பேர் வேணும்" என்றார். "நான். பாஷா. மூணாவது சம்பந்தமில்லாத அதிகாரியா இருக்கணும்."

"திங்கக்கெழமை ஒருத்தர் வர்றாருல்ல சாப்."

"வர்றார்!"

ஒருவரை வெளியேற்ற வருகிற அதிகாரியை அந்த ஒருவருடைய பானை விசாரணைக்கு உறுப்பினராகப் போட்டுக்கொண்டு இருவரும் திருப்தியாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சாமிக்கண்ணு தன்னைத் தானே கைது செய்துகொண்டார். வீட்டுக்கு எதிரில் சார் சுண்ணாம்பு அடித்த கற்களால் கட்டியிருந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அதில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. இருவரும் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

"ஒடைஞ்சா விட்டுடுவாருன்னு சொன்னீங்களே பாய்!" என்று போய்ச் சண்டை போட்டேன்.

பாஷா பாய் தலையைச் சொறிந்தார். "நான் டிரைவரு பேட்டி. ஸ்டோர்மேன் வேற சாதிப் பொறப்பு போல இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வட்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், கண்ணமங்கலத்தில் எங்கள் தெருவில் பானை உடைத்ததற்காகத் திரும்பி வந்த எஸ்.எஸ்.எல்.சி.யாக நடப்பது.

"என்கொயரி முடிஞ்சதும் சாவியைக் குடுத்துட்டு எறங்கிடறேன் கிளார்க்கம்மா" என்றார் அவராகவே. "ஒரு பானையைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு வூடு எதுக்கு?"

இருமினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபோதுதான் அவருடைய பூட்ஸ் கண்ணில் பட்டது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பக்கவாட்டில் ஒட்டுப்போட்டு, ஆனாலும் பளபளவென்று இருந்தது.

"இதுவும் பட்டாளத்துச் சரக்குதானேங்க? இதை எப்படித் தேய விட்டீங்க?"

"இது ஸ்டோர் சரக்கு இல்ல. என் பேருல இஸ்யூ ஆனது."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

அவர் முகம் மாறியது. முதல் முறையாக நான் சரியான கேள்வி கேட்டுவிட்டேன் போல. வட்டத்துக்குள்ளிருந்தே விளக்கினார். கிடங்கில் இருப்பதைத் தொடக் கூடாது, அப்படியே காக்க வேண்டும். ஆனால் ஒருவன் பெயரில் வழங்கியதை அவன் போட்டே ஆக வேண்டும். தேய வேண்டும். தேய்ந்ததைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புதியது தருவார்கள். "ஒரு வருசம் கழிச்சி பூட்ஸ் புதுசாவே இருந்துச்சின்னு வையுங்க, அவனைத்தான் கேப்பாங்க. ஏண்டா, நடக்காம எங்கடா படுத்திருந்தேன்னு."

நான் எழுந்துவிட்டேன்.

"எங்க போறீங்க?"

"எழுதப் போறேங்க" என்றேன்.

திங்கட்கிழமை ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, மலைப்பாதை வளைவுகளின் பாதிப்பில் முதலில் ஒரு வெள்ளைக் கல்லின் மேல் வாந்தி எடுத்தார். சார் அந்தக் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த அதிகாரியின் முன்னால் மேசை, மூன்று நாற்காலி, கோணிச்சாக்கில் பானை ஓடுகள், விறைப்பாக ஒரு லான்ஸ் நாயக்.

"இதென்ன?"

"தாங்கள் மூன்றாவது உறுப்பினர் சார்" என்றார் தணிகாசலம் சார், நாற்காலியைத் துடைத்துவிட்டு.

"எதுக்கு?"

"பானைக்கு."

மனிதருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, உட்கார இடம் தேவைப்பட்டது. உட்கார்ந்தார். அப்படித்தான் அவர் உறுப்பினரானார்.

சாமிக்கண்ணு வாக்குமூலம் கொடுத்தார். எத்தனை மணிக்கு வெயிலில் வைத்தார், கல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, சுனைக்குப் போய்வர எவ்வளவு நேரம். பாஷா பாய் உறுப்பினரின் கம்பீரத்தோடு, "குரங்கு வந்திருக்குமோ?" என்று எனக்காக ஒரு வாசலைத் திறந்துவிட்டார். நான் அதில் நுழைந்து தப்பித்திருக்கலாம். அந்த மேட்டில் குரங்கின் மேல் ஏற்கனவே ஒரு பலாக்காய் வழக்கு இருந்தது.

"குரங்கு இல்ல சார்" என்றேன். எழுதி வைத்திருந்த தாளை மேசையில் வைத்தேன். அதில் கையெழுத்துக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. போடவில்லை. அந்த வருடம் நான் அதைப் போடாமல் விட்ட ஒரே தாள் அதுதான்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "மிஸ் பச்சையம்மாள்" என்றார். தாளை மேசையில் வைத்தார்.

சாமிக்கண்ணுதான் கேட்டார். "வேணும்னேதான் ஒடைச்சீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"எதுக்கு?"

"ஒண்ணு போனா மத்ததைக் காக்கறதை விட்டுட்டு உள்ள போய்ப் படுப்பீங்கன்னு நெனச்சேன். மழையில நின்னீங்களே. எனக்கு வேற வழி தெரியலீங்க."

அவர் பானை ஓடுகளைப் பார்த்தார். "அப்போ என் காவல்ல கொறை இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் அவர் இரண்டு நாள் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பானையை நான் உடைத்ததைவிட, பழியை இரண்டு நாள் அவர்மேல் விட்டு வைத்ததுதான் பெரிய தவறு.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விசாரணை முடிஞ்சுதா? முப்பது நாள் ஆச்சே, ரத்து உத்தரவு எங்கே?"

"இன்னும் முடியல சார்" என்றேன். "தாள்ல ரெண்டாவது பக்கம் இருக்கு."

இரண்டாவது பக்கத்தில் பூட்ஸ் இருந்தது. கிடங்குச் சரக்கு வேறு, ஆள் பெயரில் வழங்கிய சரக்கு வேறு. நான்காம் எண் வீட்டைத் தவறுதலாகக் கிடங்குக் கணக்கில் எழுதியது நான். ஆகவே இந்த முப்பது நாள் சாமிக்கண்ணு கிடங்குக் காவலில் இருந்தார். கிடங்குக் காவலர் கிடங்குக்குள் படுத்திருந்தால்தான் தவறு. இந்த விசாரணைக் குழு சரக்கை மாற்றி, அவர் பெயரில் வழங்கும்படி பரிந்துரைக்கலாம். அன்றிலிருந்துதான் அவர் குடியிருப்பவர். முப்பது நாள் அன்றிலிருந்துதான் ஆரம்பம்.

சார் இரண்டாவது பக்கத்தை மூன்று முறை படித்தார். அவர் முகத்தில் அந்த மாப்பிள்ளைக் களை திரும்பியது. "சரக்கைத் திருப்ப வேண்டியதில்லை" என்று முணுமுணுத்தார். "மாற்றம். வெறும் மாற்றம்! எனக்கு ஏன் தோணலை?"

"வீட்டைப் போய் பூட்ஸ் மாதிரி எப்படிய்யா வழங்குவீங்க?" என்றார் அதிகாரி.

சார் அவர் பக்கம் திரும்பினார். "சார், தயவுசெய்து. குழு நடந்துகிட்டிருக்கு."

பாஷா பாய் உடனே கையைத் தூக்கினார். சார் கையைத் தூக்கினார். அதிகாரி இரண்டு கைகளையும் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், திரும்பிப் போக வேண்டிய வளைவுகளை நினைத்திருக்க வேண்டும், தன் கையையும் பாதி தூக்கினார்.

சார் தன் கையாலேயே எழுதினார். "ஓட்டு வீடு ஒன்று, கதவு ஒன்று, கட்டில் ஒன்று, விளக்கு ஒன்று. லான்ஸ் நாயக் சாமிக்கண்ணுவின் பெயரில், அவர் உபயோகத்துக்கு வழங்கப்பட்டது. உபயோகத்தால் தேய வேண்டும்." கடைசி வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமல் இருந்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பாணையும் புதுப் பானை ஒன்று வாங்கித் தர வேண்டும் என்ற உத்தரவும் கிடைத்தன. குறிப்பாணையை வழக்கம்போல் நானே எனக்கு அனுப்பிக்கொண்டேன்.

சாமிக்கண்ணு பழைய படிவத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டார். இந்த முறை சரக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. நேராக நடந்துபோய்ப் பூட்டைத் திறந்து, பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டில் கிரீச்சிட்டது எங்கள் நாலு பேருக்கும் கேட்டது.

மறுநாள் காலை ஆறு மணி. சார் பதிவேட்டோடு கிளம்பினார். நானும் போனேன். நான்காம் எண் கதவு சாத்தியிருந்தது.

"நாலு!" என்றார் சார்.

பதில் இல்லை.

"நாலு!"

உள்ளே ஒரு குறட்டை பாதியில் நின்றது. கட்டில் அசைந்தது. பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல், எரிச்சலோடு: "யாருய்யா அது, காலங்காத்தால வூட்டு முன்னால நின்னுகிட்டு? அப்புறமா வா, போ."

குறட்டை மறுபடி ஆரம்பித்தது.

சாரின் வாழ்க்கையில் யாரும் அவரை "வா, போ" என்று சொன்னதில்லை. பதிவேட்டில் "வந்தார்", "வரவில்லை" என்று இரண்டே கட்டம்தான் இருந்தது. எதில் குறிப்பது என்று தெரியாமல் நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சார் பதிவேட்டை மெதுவாக மூடினார். சத்தம் கேட்காத மாதிரி படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"அப்புறமா வரலாம்" என்று கிசுகிசுத்தார். "வாங்க, மிஸ் பச்சையம்மாள்."